ஒரு கபாசிட்டரும் ஒரு குறிலும்

எங்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில், சுரண்டிப் பார்த்தும் போகாத கறைகள் சில இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் காபி கொட்டியதா என்று கேட்பார்கள். பசை என்று சொன்னால், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று அடுத்த கேள்வி வரும். ஒரே மகள்தான், அவளும் வேலைக்குப் போகிறாள், ஒட்டி விளையாடியது நான் என்று சொல்வேன். அதற்கு மேல் விளக்க ஆரம்பித்தால் என் கணவர் எழுந்து டீ போடப் போய்விடுவார். அவருக்கு முழுக்கதையும் தெரியும். எந்த இடத்தில் என் குரல் உடையும் என்பதும் தெரியும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை என் மகள் ஓக்லாவில் இருக்கும் அலுவலகத்திலிருந்து மயூர் விஹாருக்குத் தன் மின்ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள். யமுனைப் பாலத்தின் நடுவில் வண்டி அணைந்துவிட்டது. மெல்ல மெல்ல நிற்கவில்லை. மோட்டார், விளக்கு, ஹாரன் எல்லாம் ஒன்றாகப் போயின. பின்னால் ஒரு லாரி. ஓட்டுநர் பிரேக்கை மிதித்த சத்தத்தில் பாலமே அதிர்ந்தது என்று அவள் சொன்னாள். லாரியின் முகம் அவள் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றிருக்கிறது. அந்த ஓட்டுநர் இறங்கி வந்தார். திட்டவில்லை. வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திக் கொடுத்து, தன் பாட்டில் தண்ணீரையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாராம்.

இதையெல்லாம் அவள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, சப்பாத்தியைக் கிழித்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த லாரிக்குப் பின்னாடி என்ன எழுதியிருந்துச்சு தெரியுமாப்பா? ஃபிர் மிலேங்கே."

மறுபடியும் சந்திப்போம். டெல்லியில் பாதி லாரிகளில் அப்படித்தான் எழுதியிருக்கும். அப்பாவும் மகளும் சிரித்தார்கள். கை கழுவப் போன நான் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கையை நீட்டத் தோன்றவில்லை.

இன்றைக்கும் லாரி ஹாரன் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். தோசைக்கரண்டியானாலும் சரி, அமைச்சகத்தின் அவசரக் கோப்பானாலும் சரி.

என் மகள் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். வண்டி பழையது. யாரிடமிருந்தோ வாங்கினாள். அதைச் செய்த கம்பெனியும் மூடிப்போய்விட்டது. உதிரிப்பாகம் எங்கும் கிடைக்காது. அதனால் அடுத்த விடுமுறை நாளில் கன்ட்ரோலர் என்கிற அலுமினியப் பெட்டியை வண்டியிலிருந்து கழற்றி, மாடிக்குக் கொண்டுவந்து, மேசைமேல் வைத்துத் திறந்தாள். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்து எல்லாவற்றையும் நடத்துவது இந்தப் பெட்டிதான். உள்ளே ஒரு பச்சைப் பலகை. அதன்மேல் சின்னத் தகர டப்பாக்கள் மாதிரி கபாசிட்டர்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்று மட்டும் சாய்ந்து, பக்கத்தில் இருப்பதன் தோளில் தலை வைத்திருந்தது.

"இதான் கல்ப்ரிட்" என்று இடுக்கியால் தொட்டாள். டப்பா கையோடு வந்துவிட்டது. அதன் கால்கள் இரண்டும் தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு குழிக்கும் டப்பா ஆடி ஆடி, கால்கள் களைத்து, ஒன்று அறுந்தே போயிருந்தது.

"இந்த மாதிரி உயரமா நிக்கிறதையெல்லாம் அடியில க்ளூ பண்ணி வெக்கணும்மா. இவங்க பண்ணவே இல்ல. புதுசு போட்டு க்ளூ பண்ணிட்டா முடிஞ்சது."

"எந்தப் பசை?"

"ஏதோ ஒண்ணு. ஆஃபீஸ்ல ஹாட் க்ளூ இருக்கு."

"ஏதோ ஒண்ணா? ஏட்டி, உன் உயிரு இந்த ரெண்டு காலுலதான் நிக்குது. ஏதோ ஒண்ணுங்கே."

"அப்ப நீயே செலக்ட் பண்ணு. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதானே நீ?"

கிண்டலாகத்தான் சொன்னாள். பாளையங்கோட்டையில் நான் படித்த வேதியியல், மத்திய அரசுத் தேர்வு எழுதி டெல்லிக்கு வந்த நாளோடு முடிந்துபோனது. அதற்குப் பிறகு நான் கலந்ததெல்லாம் இட்லி மாவும் கோப்புக் குறிப்புகளும்தான். ஆனால் அந்தக் கிண்டலை நான் பிடித்துக்கொண்டேன்.

"சரி. நானே பாக்கேன். நான் சரின்னு சொல்லுத வரைக்கும் நீ மெட்ரோவுலதான் போகணும்."

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "டீல்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்று தொடங்கியது. காலையில் மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தால் பக்கத்துப் பெண்கள் சீரியல் பார்ப்பார்கள். நான் பசைகளின் விவரத்தாள்களைப் படிப்பேன். எந்தச் சூட்டில் இளகும், எவ்வளவு இழுத்தால் அறும், காயும்போது எதை வெளியே விடும். அவற்றை வாசிக்கும்போது மட்டும் என் நெஞ்சு படபடக்கவில்லை. படபடப்புக்கு ஒரு வேலை கொடுத்தாயிற்று என்று எனக்கே புரிந்தது.

மகள் அலுவலகத்திலிருந்து வீணாய்ப்போன பலகைகளையும் பழைய கபாசிட்டர்களையும் ஒரு பையில் கொண்டுவந்தாள். மேசைமேல் செய்தித்தாள் விரித்தோம். முதலில் ஹாட் க்ளூ. துப்பாக்கி மாதிரி ஒன்றைச் சுடவைத்து அமுக்கினால், உருகி வந்து உடனே இறுகிவிடுகிறது. பார்க்க நன்றாக இருந்தது. நான் அதை எடுத்துப்போய் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் கறுப்பு மூடிமேல் ஒரு பகல் வைத்தேன். டெல்லி மே மாத வெயில். மாலையில் போய்ப் பார்த்தால் டப்பா சாய்ந்து படுத்திருந்தது. பசை வெண்ணெய் மாதிரி குழைந்து கிடந்தது. கன்ட்ரோலர் பெட்டிக்குள் அதைவிடச் சூடு ஏறும் என்று மகளே சொன்னாள்.

அடுத்தது, ஒரு சொட்டு விட்டால் விரலோடு விரலை ஒட்டிவிடும் அந்தப் பசை. ஒட்டியதும் டப்பாவைச் சுற்றி வெள்ளையாகச் சாம்பல் பூத்தது. மேசையிலிருந்து தரையில் போட்டுப் பார்த்தேன். 'டக்'கென்று முழுசாகப் பெயர்ந்து வந்தது. பிடிக்கிறவரை பிடிக்கும், அதிர்ந்தால் உடையும்.

மூன்றாவதாக என் கணவர் தன் வேட்பாளரை இறக்கினார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர். கோடை விடுமுறையில் வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டில் மிக்ஸியின் பிடி, நாற்காலிக் கால், பாத்ரூம் வாளி எல்லாம் அவர் எபாக்ஸி போட்டு ஒட்டியவை.

"ரெண்டு ட்யூபையும் சமமா குழைச்சுப் போட்டா கல்லாட்டம் நிக்கும் அம்மிணி. அப்புறம் அதை ஆராலும் எடுக்க முடியாது."

"அதுதாம்பா ப்ராப்ளம்" என்றாள் மகள். "நாளைக்கு அந்தக் கபாசிட்டர் போச்சுன்னா எடுக்கவே முடியாது. போர்டையே தூக்கிப் போடணும். அது மட்டுமில்ல, சூட்டுல எல்லாம் கொஞ்சம் விரியும். இது விடாது. விடாமப் பிடிச்சா காலே உடைஞ்சுடும். பிடிக்கவும் வேணும், கொஞ்சம் அசையவும் விடணும்."

கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ட்யூபின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நீங்க ஏன் என்னைப் பாக்கீங்க? பசையைப் பாருங்க."

"பசையைத்தான் பார்த்தேன்" என்றார்.

இந்த நாட்களில்தான் மகளுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்க முனைந்தேன். 'க்ளூ பண்ணு, க்ளூ பண்ணு' என்று கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. "ஒட்டுன்னு ஒரு நல்ல சொல்லு இருக்குல்லா? அதைச் சொல்லேன்" என்றேன்.

"அச்சா. ஓட்டு."

"ஓட்டு இல்லளா. ஒட்டு. குறில்."

"அதைத்தானே சொன்னேன். ஓட்டு."

"எலெக்ஷனா கண்ணு? எந்தக் கட்சிக்கு?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.

இந்தியில் குறில் ஒகரம் கிடையாது. டெல்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் நாக்குக்கும் கிடையாது, காதுக்கும் கிடையாது. என் மகளுக்கு 'கொடு'வும் 'கோடு'ம் ஒன்று. 'தொடு'வும் 'தோடு'ம் ஒன்று. பலமுறை சொல்லவைத்துப் பார்த்தேன். அவள் ஒவ்வொரு முறையும் மிகுந்த அக்கறையோடு 'ஓட்டு' என்றே சொன்னாள். சரி, 'க்ளூ'வுக்கு இது தேவலை என்று விட்டுவிட்டேன். அதற்கான தண்டனை பின்னால் கிடைத்தது.

என் இந்தியும் அவள் தமிழைவிடப் பெரிய உசத்தி இல்லை. மாடிவீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒருநாள் படியில் நிறுத்தி, பெண் ஏன் இப்போதெல்லாம் மெட்ரோவில் போகிறாள் என்று விசாரித்தார். பாலத்தில் நடந்ததைச் சொல்லி, நல்ல கோந்து ஒன்று தேடுகிறேன், கிடைத்ததும் சரியாகிவிடும் என்றேன். கோந்துக்கு இந்தியிலும் 'கோந்த்'தான், எனக்குத் தெரியும். ஆனால் பஞ்சாபி வீடுகளில் கோந்து என்றால் குளிர்காலத்தில் நெய்யில் பொரித்து லட்டு பிடித்து, எலும்புக்குப் பலம் என்று பெண்களுக்குக் கொடுப்பது. அது எனக்கு நினைவு வரவில்லை.

அவர் முகம் உருகிவிட்டது. "இந்த வெயிலில் அந்தக் கோந்து சூடு, மகளே. நான் வேறு கோந்து அனுப்புகிறேன். குளிர்ச்சி" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் ஒரு பெரிய கண்ணாடிச் சொம்பில் ரோஜா சர்பத் வந்தது. ஊறிய கோந்து பனிக்கட்டித் துண்டுகள் மாதிரி அதில் மிதந்தது. மகள் இரண்டு டம்ளர் குடித்தாள்.

"இதையே கபாசிட்டருக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டாள்.

நான்காவதாக, சமையலறைத் தொட்டியின் விளிம்பில் பூசி மீந்துபோன சிலிக்கோன். இது எனக்குப் பிடித்துவிட்டது. காய்ந்ததும் ரப்பர் மாதிரி இருந்தது. வெயிலில் வைத்தேன், இளகவில்லை. தரையில் போட்டேன், பெயரவில்லை. டப்பாவை விரலால் தள்ளினால் துளி அசைந்து பழைய இடத்துக்கே வந்தது. தேர்வு முடிந்தது என்று நினைத்து, பெருமையோடு முகர்ந்து பார்த்தேன். ஏன் முகர்ந்தேன் என்று தெரியாது. ஆய்வகத்தில் இருந்த காலத்துப் பழக்கம்தான்.

ஓட்டல் மேசைகளில் சின்னக் கிண்ணத்தில் சிவப்பாக வைப்பார்களே, சிர்காவில் ஊறிய வெங்காயம், அந்த வாசனை. சிர்கா என்றால் வினிகர். வினிகர் என்றால் அசிட்டிக் அமிலம். செம்பின் பக்கத்தில் அமிலம். ஏதோ ஒரு பழைய வகுப்பறையின் கரும்பலகை கண்ணில் வந்தது. காய்ந்துகொண்டிருந்த பலகையை ஒரு டிஃபன் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். சில நாள் கழித்துத் திறந்தால், செம்புக் கோடுகளின் ஓரத்தில் பச்சை படர்ந்திருந்தது.

"வாவ்" என்றாள் மகள். உண்மையாகவே வியந்தாள். "இதைப் போட்டிருந்தா ஆறு மாசத்துல உள்ள எல்லாமே துருப் பிடிச்சிருக்கும். ந்யூட்ரல்னு ஒரு டைப் இருக்கும்மா. ஆசிட் விடாது. எலக்ட்ரானிக்ஸுக்குன்னே வர்றது."

அதை வாங்கச் செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் சந்தைக்கு நானே போனேன். சந்துக்குள் சந்து. ஒரு கடையில், "அண்ணா, ந்யூட்ரல் வேணும்" என்று இந்தியில் கேட்டேன். கடைக்காரர் வயர் சுருளை எடுத்துக்கொண்டே, "ஃபேஸ் வயரும் சேர்த்துத் தரட்டுமா?" என்றார். விஷயத்தை விளக்கிய பிறகு ஒரு வெள்ளை ட்யூபைக் கொடுத்தார். எழுதியிருந்தது சரிதான். ஆனாலும் ஒரு சொட்டு வெளியே எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும் என்றேன்.

"மேடம், இத்ர் என்று நினைத்தீர்களா?"

அத்தர் கடைகள் இருப்பது பக்கத்துத் தெருவில். அவர் சிரித்தபடி மூடியைத் திறந்து நீட்டினார். முகர்ந்தேன். சிர்கா இல்லை. இரண்டு வாங்கிக்கொண்டேன்.

இந்தப் பசை காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். சென்னையில் ஒட்டியிருந்தால் ஒரே ராத்திரியில் காய்ந்திருக்கும். டெல்லியில் அனல்காற்று வீசும் மே மாதத்தில் ஈரத்துக்கு எங்கே போவது? மறுநாளும் உள்ளே பிசுபிசுப்பாகவே இருந்தது. எனக்கு மறுபடி படபடப்பு ஏறியது. கணவர்தான் சோதனைப் பலகையைத் தூக்கிக்கொண்டுபோய் பால்கனியில் இருக்கும் கூலருக்கு முன்னால் வைத்தார். கூலர் ஈரக்காற்றாக ஊதியது. பசை இறுகியது. எபாக்ஸி தோற்ற வருத்தம் அவருக்கு அதோடு தீர்ந்தது.

வாஷிங் மிஷின் பிழியும்போது அதன்மேல் பலகையைக் கட்டி வைத்துப் பார்த்தேன். போதவில்லை என்று தோன்றியது. கைப்பையில் போட்டுக்கொண்டு, குழிக்குக் குழி குதிக்கும் மின்ரிக்‌ஷாவில் மெட்ரோ வரை போனேன். மெட்ரோ வாசலில் பையைச் சோதிக்கும் இயந்திரம் நின்றது. காவல் பெண் பலகையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"ஆன்ட்டிஜி, இது என்ன?"

"கபாசிட்டர்."

"எதற்கு எடுத்துப் போகிறீர்கள்?"

எனக்குத் தெரிந்த இந்தியில் உண்மையைச் சொன்னேன். "ஆட்டுவதற்கு."

அவள் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் வந்து, டப்பாவை விரலால் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்து, "ஆடவில்லையே" என்றார்.

"அதுதான் வேண்டும்" என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னால் வரிசை முனகியது. என்னை விட்டுவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து, இந்தப் பசைதான், சரி, என்று தீர்ப்புச் சொன்னேன். ஆனால் நிஜமான பலகையில் ஞாயிற்றுக்கிழமை, நான் இருக்கும்போதுதான் போட வேண்டும், அதன் பிறகு வண்டியைப் பற்றிப் பேசலாம் என்றேன். மகள் தலையாட்டினாள். முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி தெரியவில்லை. களைப்பாக இருக்கும் என்று எண்ணினேன்.

அந்த வாரத்தின் நடுவில் ஒருநாள் அவள் விடுப்பு எடுத்திருந்தாள். நான் அமைச்சகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். மடியில் இருந்த போன் மினுங்கியது. மகள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவாள். அதில் ஒ, ஓ இரண்டுக்கும் ஒரே எழுத்து. நான் படித்தது இப்படி: 'ஓட்டிட்டேன் அம்மா. செம க்ரிப். கொஞ்சம்கூட ஆடல.'

என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்று நினைவில்லை. தாழ்வாரத்தில் நின்று அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கணவரைக் கூப்பிட்டேன். அவரும் எடுக்கவில்லை. மறுபடி அவளை. கன்ட்ரோலர் பெட்டி எங்கள் மேசைமேல் திறந்து கிடக்கும்போது கீழே நிற்கும் வண்டி எப்படி ஓடும் என்று ஒரு குழந்தைகூடக் கேட்டிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பாலமும் லாரியின் முகமும்தான். கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"ஸாரிம்மா, கையெல்லாம்..."

"ஓட்டினியா?"

"ஆமா, ஓட்டிட்டேன். மெசேஜ் பாக்கலயா?"

"யாரைக் கேட்டு ஓட்டினே?"

"நீதானே ஓகே சொன்னே?"

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன்லா? எங்கன ஓட்டினே?"

"பால்கனியில."

"பால்கனியிலயா?"

"ஆமா, கூலர் பக்கத்துல. அப்பாதான் அசையாம பிடிச்சுக்கிட்டார்."

நான்காவது மாடிப் பால்கனியில், கூலருக்குப் பக்கத்தில், கணவர் பின்னால் பிடித்துக்கொள்ள, என் மகள் ஸ்கூட்டர் ஓட்டுகிற காட்சி ஒரு கணம் முழுசாக என் கண்முன் வந்தது. பிறகுதான் புரிந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அம்மா? சிரிக்கிறியா, அழறியா?"

"தெரியலளா" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

"ஏன், என்ன ஆச்சு? ஓட்டினது தப்பா?"

"ஒட்டினது சரி. ஓட்டுனேன்னுல்லா நெனைச்சேன்."

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று அவள் காதுக்குக் கேட்டிருக்காது. ஆனால் வேறு ஏதோ கேட்டிருக்கிறது.

அன்று மாலை மெட்ரோ வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். வழக்கமாக அவள் அப்படி வருவதில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் காலனிப் பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் பேட்மின்டன் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் இறகுப்பந்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அம்மா, நீ டீல் சொன்னப்ப நான் ஏன் உடனே ஓகேன்னேன் தெரியுமா? எனக்கும் பயம். அந்த லாரி லைட் என் முதுகு மேல விழுந்துச்சு. என் நிழல் எனக்கு முன்னாடி ரோட்டுல நீளமா தெரிஞ்சுது. அது அடிக்கடி வருது. நீ ஒவ்வொரு க்ளூவையும் வேண்டாம் வேண்டாம்னியா, எனக்கு ஹாப்பியா இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் மெட்ரோன்னு."

"பெறவு ஏன் இன்னிக்கே ஒட்டினே?"

"நீ ஓகே சொல்லிட்டியே. சண்டே வரைக்கும் உக்காந்து யோசிச்சா பண்ணவே மாட்டேன்னு தோணுச்சு."

வண்டியை விற்றுவிடலாம் என்ற வார்த்தை என் வாய் வரை வந்தது. இத்தனை நாள் நான் சொல்லக் காத்திருந்தது அதுதான். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவள் சரி என்றிருப்பாள். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்திருக்கும். அவளுக்கும்கூட. ஆனால் ஓக்லாவுக்கும் வீட்டுக்கும் நடுவில் அந்தப் பாலம் என்றைக்கும் இருக்கும். அதை நினைத்தபடி அவள் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருப்பாள். நான் என் கைப்பையின் வாரைச் சுருட்டினேன், பிரித்தேன்.

"பின்னாடி ஒரு ஆளு உக்காந்தா உன் வண்டி இழுக்குமா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பி என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "ஒரு ஆளுன்னா எவ்ளோ பெரிய ஆளு?"

ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பினோம். பெட்டியை அவளே வண்டியில் பூட்டியிருந்தாள். கணவரின் ஹெல்மெட் எனக்குப் பெரிதாக இருந்தது. தலையைத் திருப்பினால் அது திரும்பாமல் நின்றது. கணவர் வாசல் வரை வந்தார்.

"அம்மிணி, ரொம்ப நெருக்கிப் பிடிக்காத. அவளுக்கு மூச்சு முட்டும்" என்றார்.

காலனித் தெருக்களில் பயம் இல்லை. பாலம் ஏறியதும் காற்று மாறியது. கீழே யமுனை கறுப்பாக, அசையாமல் கிடந்தது. கரையோரச் சேற்றில் கொக்குகள் நின்றன. நான் நடைபாதைக் கம்பிகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதியில் வேகம் குறைந்தது.

"இங்கதாம்மா" என்றாள்.

அந்த இடத்தில் எதுவும் இல்லை. மற்ற இடங்களைப் போல அதுவும் ரோடுதான். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கீழே வைத்துவிட என் கையில் எதுவும் இல்லை, அவள் தோள்தான் இருந்தது. அவள் பதறி ஒதுங்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. இடது ஓரமாக அதே வேகத்தில் போனாள். லாரி எங்களைத் தாண்டிப் போயிற்று. அதன் பின்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று இருவருமே படிக்கவில்லை. பிறகுதான் அது ஞாபகம் வந்து கேட்டுக்கொண்டோம்.

ஓக்லாவில் அவள் அலுவலகம் பூட்டியிருந்தது. எதிரே ஒரு வண்டிக்கடையில் மட்ரி என்கிற உப்பு பிஸ்கட்டைக் கடித்து டீ குடித்தோம். திரும்பும்போது அவள் அலுவலகத்துத் தோழி ஒருத்தியின் கல்யாணக் குழப்பத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது, இவள் சொன்னது, அத்தைக்காரி கோபித்துக்கொண்டு போனது. கதை உச்சத்தில் இருக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். அந்த இடம் எப்போதோ பின்னால் போய்விட்டிருந்தது. அவள் கவனிக்கவே இல்லை. நான் சொல்லவும் இல்லை.

மறுநாள் தனியாகப் போனாள். காலையில் சென்று சேர்ந்ததும் செய்தி அனுப்பினாள். மாலையில் கிளம்பும்போது அனுப்ப மறந்துவிட்டாள் போல. நான் வீட்டுக்கு வந்ததும் பால்கனிக்குப் போனேன், உள்ளே வந்தேன், மறுபடி போனேன். கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது அம்மிணி. காதைத் தீட்டிக்கிட்டு நின்னாலும் கேட்காது" என்றார். அவர் சொன்னது சரிதான். மற்ற அம்மாக்களுக்குத் தெருமுனையிலேயே பிள்ளையின் பைக் சத்தம் தெரியும். எனக்கு அந்த வசதி இல்லை.

அடைக்கு அரைத்த மாவு புளித்துக்கொண்டிருந்தது. கல்லைப் போட்டேன். அடை வேகிற சத்தத்தில் கதவு திறந்தது கேட்கவில்லை. என் தோளுக்கு மேல் ஒரு கை நீண்டு, தட்டில் இருந்த முறுகலான ஓரத்தை ஒடித்துக்கொண்டது.

"செம பசிம்மா. வெல்லம் இருக்கா?"

ஹெல்மெட்டைக்கூட அவள் இன்னும் கழற்றவில்லை. நான் வெல்லத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த அடையைத் திருப்பினேன்.